எட்டாம் வகுப்பில் நிகழ்தகவு: சூத்திரத்துக்கு முன் செய்ய வேண்டியவை

தமிழ்நாட்டு மாநிலப் பாடநூலில் நிகழ்தகவு ஒன்பதாம் வகுப்பில்தான் தனி இயலாக வருகிறது. பத்தாம் வகுப்பில் புள்ளியியலோடு சேர்ந்து மீண்டும் வருகிறது. இரண்டு வகுப்புகளிலும் மாணவர் பெரும்பாலும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்: சாதகமான விளைவுகளின் எண்ணிக்கையை மொத்த விளைவுகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பின்னமாக எழுதுகிறார். பகடைக் கணக்குக்கும் சீட்டுக்கட்டுக் கணக்குக்கும் தவறில்லாமல் விடை எழுதும் மாணவரிடம், "நாளைக்கு மழை பெய்யும் அல்லது பெய்யாது, ஆகவே மழைக்கான நிகழ்தகவு 1/2, சரிதானே?" என்று கேட்டுப் பார்த்தால் பலர் தயக்கமின்றிச் சரி என்பார்கள். வகுப்பதற்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, அதாவது நாம் எண்ணுகிற விளைவுகள் யாவும் சம வாய்ப்புடையவையா என்ற கேள்வி, அவர்களுக்குப் பழக்கப்படுத்தப்படவில்லை என்பதே இதற்குக் காரணம். சூத்திரம் கைக்கு வந்த பிறகு இந்தக் கேள்வியை உள்ளே நுழைப்பது கடினம். ஆகவே ஏழாம் அல்லது எட்டாம் வகுப்பிலேயே, சூத்திரம் என்று எதையும் எழுதிப் போடாமல், ஐந்தாறு பாடவேளைகளில் இந்த அடிப்படையை அமைத்துவிடலாம். ஏறத்தாழ 40 மாணவர், 45 நிமிடப் பாடவேளை, பெஞ்சை நகர்த்த முடியாத அறை என்ற வழக்கமான சூழலை மனத்தில் கொண்டு கீழ்க்காணும் முறை சொல்லப்படுகிறது. பின்னங்களை ஒப்பிடவும் தசமமாக மாற்றவும் மாணவருக்குத் தெரிந்திருந்தால் போதும். வேறு முன்னறிவு தேவையில்லை.

வகுப்பறை ஒழுங்கு

நிகழ்தகவுப் பாடம் குழப்பத்தில் முடிவதற்குக் கணக்கைக் காட்டிலும் நாணயமே பெரிய காரணம். நாற்பது பேர் ஒரே நேரத்தில் நாணயம் சுண்டினால் பாதி நாணயங்கள் பெஞ்சுக்கு அடியில் கிடக்கும், பாதிப் பேர் அவற்றைத் தேடிக்கொண்டிருப்பார்கள். எனவே சுண்ட விடாமல், இரு கைகளையும் கிண்ணம்போலச் சேர்த்து நாணயத்தைக் குலுக்கி, ஒரு சாண் உயரத்திலிருந்து விரித்த நோட்டின்மேல் போடச் சொல்ல வேண்டும். மாணவர் இருவர் இருவராக அமர்ந்து, ஒருவர் போட மற்றவர் குறிக்க வேண்டும். பத்து முறை முடிந்ததும் வேலையை மாற்றிக்கொள்ள வேண்டும். போடுகிறவரே குறித்தால் எண்ணிக்கை பிசகும். தவிர, அவருக்கு வேண்டிய விளைவு கொஞ்சம் கூடுதலாகவே குறிக்கப்படும்.

எந்தப் பக்கம் தலை, எந்தப் பக்கம் பூ என்ற சர்ச்சையும் தவறாமல் வரும். இன்றைய ரூபாய் நாணயங்களில் அரசர் தலையும் இல்லை, பல நாணயங்களில் பூவும் இல்லை. சிங்கத் தூண் உள்ள பக்கம் தலை, மதிப்பு எழுதிய பக்கம் பூ என்று கரும்பலகையில் முதலிலேயே எழுதிவிட்டால் ஐந்து நிமிடம் மிச்சம்.

பொருள்களை வழங்குவதற்கு முன்பே செய்முறையை முழுதாகச் சொல்லி, அதை ஒரு மாணவரைத் திருப்பிச் சொல்ல வைக்க வேண்டும். நாணயம் கைக்குப் போன பிறகு சொல்லப்படும் எந்த அறிவுரையும் காதில் ஏறாது. கரும்பலகையின் வலப்புறம் மூன்றில் ஒரு பங்கை வகுப்பின் மொத்தக் கணக்குக்கென ஒதுக்கி, இயல் முடியும் வரை அதை அழிக்காமல் வைத்திருப்பது நல்லது. அறை பொதுவானதென்றால் சார்ட் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டலாம்.

நோட்டில் ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு பக்கம். அதில் மேலிருந்து கீழாக நான்கு தலைப்புகள் இருக்கட்டும்: ஊகம், பதிவு, பட்டியல், ஒப்பீடு. சோதனைக்கு முன் ஊகத்தைப் பேனாவால் எழுத வேண்டும், பிறகு அடிக்கக் கூடாது. பதிவு நேர்க்கோட்டுக் குறிகளால் ஆனது. பட்டியல் என்பது நிகழக்கூடிய விளைவுகளை எல்லாம் விடாமல் எழுதுவது. பின்னாளில் கூறுவெளி என்ற பெயரை இதற்கே சூட்டுவோம். ஒப்பீட்டில், ஊகமும் பதிவும் பட்டியலும் ஒத்துப்போகின்றனவா, இல்லையென்றால் ஏன் என்று இரண்டு வரி எழுத வேண்டும். ஊகம் தவறாகப் போனதற்கு மதிப்பெண் குறைக்கப்படாது என்பதைத் தொடக்கத்திலேயே அறிவித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் எல்லோரும் பதிவை முடித்த பிறகு ஊகத்தை எழுதுவார்கள், அல்லது முன் பெஞ்சைப் பார்த்து எழுதுவார்கள்.

கயிற்றில் தொடங்கலாம்

முதல் பாடவேளையில் எண் எதுவும் வேண்டாம். சுவருக்குச் சுவர் ஒரு கயிறு கட்டி, ஒரு முனையில் 'நடக்கவே நடக்காது' என்றும் மறு முனையில் 'கட்டாயம் நடக்கும்' என்றும் அட்டைகளைத் தொங்கவிட்டு, கூற்றுகள் எழுதிய துண்டுத் தாள்களை மாணவர் தாம் நினைக்கும் இடத்தில் துணிக் கிளிப்பால் மாட்ட வேண்டும். 'வெள்ளிக்கிழமைக்கு மறுநாள் சனிக்கிழமை', 'பிப்ரவரி 30 அன்று விடுமுறை', 'பகடையில் 7 விழும்', 'அடுத்து வகுப்புக்குள் நுழைபவர் ஆசிரியர்', 'இந்த மாதம் நம் ஊரில் மழை பெய்யும்' போன்ற கூற்றுகள் போதும். மழைக் கூற்றை ஜூன் மாதத்தில் மாட்டுகிறவரும் நவம்பரில் மாட்டுகிறவரும் ஒரே இடத்தில் மாட்ட மாட்டார்கள் என்பதைக் கேட்டு வாங்க வேண்டும். கையிலுள்ள தகவலுக்கேற்ப வாய்ப்பைப் பற்றிய மதிப்பீடு மாறும் என்ற பெரிய செய்தி அதற்குள் இருக்கிறது. பாடவேளையின் இறுதியில் ஒரு முனைக்கு 0, மறு முனைக்கு 1, நடுவில் 1/2 என்று எழுதினால் அளவுகோல் தயார். 1-ஐத் தாண்டிக் கயிறே இல்லை என்பதைக் கண்ணால் பார்த்த மாணவர், பின்னர் 5/4 என்ற விடை வந்தால் தாமே சந்தேகப்படுவார்.

'ஒன்று நடக்கும், இல்லையேல் நடக்காது, ஆகவே பாதி' என்று எல்லாத் தாளையும் நடுவில் மாட்டும் மாணவர் ஒருவராவது இருப்பார். அவரை உடனே திருத்த வேண்டியதில்லை. பெயரைக் குறிப்பிடாமல் அந்த வாதத்தைக் கரும்பலகையின் மூலையில் எழுதி வைத்துக்கொள்ளலாம். ஐந்தாம் பாடவேளையில் அது தேவைப்படும்.

ஒரு நாணயம், நானூறு முறை

இரண்டாம் பாடவேளையில் ஒவ்வோர் இணையும் நாணயத்தை 20 முறை போட வேண்டும். இருபது இணைகள் இருந்தால் மொத்தம் 400. போடுவதற்கு முன் இரண்டு ஊகங்கள் எழுதப்பட வேண்டும்: நம் இணைக்கு எத்தனை தலை விழும், வகுப்புக்கு மொத்தம் எத்தனை விழும்.

இங்கே ஆசிரியருக்கு முன்கூட்டியே சில எண்கள் தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் 5 தலை மட்டும் விழுந்த இணையைப் பார்த்து 'சரியாகப் போடவில்லை, மறுபடி போடு' என்று சொல்லிவிடுவோம். அப்படிச் சொன்னால் பாடமே தலைகீழாகிவிடும். சீரான நாணயத்தை 20 முறை போட்டால் தலைகளின் எண்ணிக்கை 6 முதல் 14 வரை அமைவதற்கான நிகழ்தகவு ஏறத்தாழ 0.96. அதாவது இருபது இணைகளில் ஓர் இணை இந்த எல்லைக்கு வெளியே போவது எதிர்பார்க்கத்தக்கதே. 400 முறைக்கோ மொத்தத் தலைகள் 180-க்கும் 220-க்கும் இடையில் இருப்பதற்கு அதே அளவு வாய்ப்பு உண்டு. 20-இல் 6 என்பது 0.3, 14 என்பது 0.7, 400-இல் 180 என்பது 0.45, 220 என்பது 0.55. எண்ணிக்கை பெருகப் பெருகப் பங்கு நடுவை நெருங்குவது இவ்வளவு பட்டவர்த்தனமாகத் தெரியும் என்பதால், ஒவ்வோர் இணையின் கணக்கும் சேரச் சேரத் திரண்ட பங்கைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டே வர வேண்டும்.

ஒரு நுட்பம் இதில் ஒளிந்திருக்கிறது. பங்கு பாதியை நெருங்குகிறது என்றால் தலையும் பூவும் எண்ணிக்கையில் சமமாகின்றன என்று பொருளில்லை. ஓர் இணைக்கு 20-இல் 12 தலையும், வகுப்புக்கு 400-இல் 211 தலையும் விழுந்தன என்று வைத்துக்கொள்வோம். தென்னாப்பிரிக்கக் கணித ஆசிரியர் ஜான் கெரிச் இரண்டாம் உலகப் போரின்போது டென்மார்க்கில் காவலில் வைக்கப்பட்டிருந்த காலத்தில் ஒரு நாணயத்தை 10,000 முறை சுண்டி 5,067 தலைகளைப் பதிவு செய்தார். மூன்றையும் வரிசையாக எழுதினால், பாதியிலிருந்து விலகிய எண்ணிக்கை 2, 11, 67 என்று கூடிக்கொண்டே போகிறது, பங்கோ 0.6, 0.5275, 0.5067 என்று நடுவை நோக்கி வருகிறது. இந்த மூன்று வரிகளையும் மாணவர் தம் நோட்டில் தாமே வகுத்துக் காண வேண்டும். தசம வகுத்தலுக்கும் இதைவிடப் பொருளுள்ள பயிற்சி கிடைக்காது.

'ஐந்து முறை தொடர்ந்து தலை விழுந்துவிட்டது, இனிப் பூதான்' என்ற நம்பிக்கையை இதே பாடவேளையில் சோதித்துவிடலாம். வகுப்பின் ஒரு பாதி 20 முறை உண்மையாகவே நாணயத்தைப் போட்டு விளைவுகளை வரிசைப்படி எழுதட்டும். மறு பாதி நாணயத்தைத் தொடாமல் மனத்தாலேயே 20 விளைவுகளை எழுதட்டும். தாள்களைக் கலந்து ஆசிரியரிடம் தந்தால், எது உண்மை எது கற்பனை என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். உண்மையான 20 விளைவுகளில் நான்கோ அதற்கு மேலோ ஒரே பக்கம் தொடர்ந்து விழுவதற்கான நிகழ்தகவு ஏறத்தாழ 0.77. கற்பனையாக எழுதுகிற பிள்ளைகளோ மூன்று தலைக்கு மேல் தொடர்ந்து எழுதக் கூசுவார்கள். சில தாள்களில் கணிப்பு தவறத்தான் செய்யும். தவறினால் அதையும் வகுப்பிடம் சொல்லிவிடலாம். மாண்டே கார்லோ சூதாட்ட அரங்கில் 1913 ஆகஸ்ட் 18 அன்று சுழல் சக்கரத்தில் கறுப்பு 26 முறை தொடர்ந்து விழ, அடுத்தது சிவப்புதான் என்று மேலும் மேலும் பணம் வைத்தவர்கள் பெருந்தொகையை இழந்த செய்தியை இந்த இடத்தில் சொல்லலாம். சக்கரத்துக்கு நினைவு கிடையாது என்று மாணவர் தாமே சொல்லும் வரை காத்திருக்க வேண்டும்.

இரண்டு மஞ்சப்பைகள்

மூன்றாம் பாடவேளைக்கு உள்ளே இருப்பது தெரியாத துணிப்பை இரண்டும், ஒரே அளவுள்ள தண்ணீர் பாட்டில் மூடிகளும் வேண்டும். மஞ்சப்பையே போதும். மூடிகள் தடவிப் பார்த்தால் வேறுபாடு தெரியாதவையாக இருக்க வேண்டும் என்பது மட்டும் கட்டாயம். முதல் பையில் 5 மூடிகள், அவற்றில் 2 நீலம்; இரண்டாம் பையில் 9 மூடிகள், அவற்றில் 3 நீலம். பார்க்காமல் ஒரு மூடி எடுக்க வேண்டும், நீலம் வந்தால் வெற்றி. எந்தப் பையில் கைவிடுவாய்?

"ரெண்டாவது பைதான் சார், அதுல மூணு நீலம் இருக்கு" என்ற பதில் உடனே வரும். "வெள்ளையும் ஆறு இருக்கேடா" என்று பின் பெஞ்சிலிருந்து யாராவது சொல்வார்கள். அந்தக் குரல் எழும் வரை ஆசிரியர் எதுவும் பேசாதிருப்பது மேல். மூன்றாவதாக ஒரு பதிலும் வரும்: முதல் பையில் நீலத்தைவிட வெள்ளை ஒன்றுதான் அதிகம், இரண்டாவதில் மூன்று அதிகம், ஆகவே முதல் பை. விடை சரி, காரணம் தவறு. இதைப் பாராட்டிவிட்டுக் கடந்தால், 1 நீலமும் 2 வெள்ளையும் உள்ள பைக்கும் 10 நீலமும் 12 வெள்ளையும் உள்ள பைக்கும் இடையே அந்த மாணவர் முதல் பையையே தேர்ந்தெடுப்பார். அங்கே வித்தியாசம் சிறியதாக இருந்தும் வாய்ப்பு குறைவு. அந்த எடுத்துக்காட்டையே அடுத்த கேள்வியாக வைத்தால் காரணத்தின் ஓட்டை தெரிந்துவிடும்.

ஒப்பிடுவதற்கு உடனே 2/5, 3/9 என்று எழுத வேண்டாம். முதல் பையைப்போல ஒன்பது பைகளை ஒன்றாகக் கொட்டினால் 45 மூடிகளில் 18 நீலம்; இரண்டாம் பையைப்போல ஐந்து பைகளைக் கொட்டினால் 45 மூடிகளில் 15 நீலம். மொத்தம் சமமான பிறகு நீலத்தை மட்டும் பார்த்தால் போதும். ஒரே பகுதியாக்கிப் பின்னங்களை ஒப்பிடுவது இதுதான் என்பதை மாணவரே கண்டுகொள்வார்கள்.

சோதனையும் செய்யலாம்; ஆனால் இதில் ஒரு கண்ணி உண்டு. 20 முறை எடுத்தால் முதல் பையில் சுமார் 8 நீலமும் இரண்டாம் பையில் சுமார் 7 நீலமும்தான் எதிர்பார்க்கலாம், எனவே பல இணைகளுக்கு முடிவு மாறித்தான் வரும். எல்லா இணைகளின் கணக்கையும் கூட்டி ஒவ்வொரு பைக்கும் 400 முறை என்றால் 160-க்கும் 133-க்கும் அருகில் எண்கள் அமைந்து வேறுபாடு தெரிய வாய்ப்பு அதிகம். ஓர் இணையின் முடிவைக் காட்டி நிரூபணம் என்று சொல்லிவிடக் கூடாது. எடுத்த மூடியை ஒவ்வொரு முறையும் பைக்குள் திரும்பப் போட்டுக் குலுக்க வேண்டும் என்பதையும் வலியுறுத்த வேண்டும். திரும்பப் போடாத இணை ஒன்று கட்டாயம் இருக்கும். அவர்களுடைய பையில் ஐந்தாவது முறைக்குப் பின் எடுக்க மூடியே இருக்காது.

இரண்டு நாணயங்கள்: மூன்றா, நான்கா?

இந்த இயலின் நெருக்கடியான இடம் இதுவே. இரண்டு நாணயங்களை ஒருசேரப் போட்டால் என்னென்ன நடக்கலாம் என்று கேட்டால், இரண்டும் தலை, இரண்டும் பூ, ஒன்று தலை ஒன்று பூ என மூன்று என்பார்கள். ஒவ்வொன்றுக்கும் 1/3 என்பார்கள். பிரெஞ்சுக் கணித மேதை தலம்பேர் 1754-இல் கலைக்களஞ்சியக் கட்டுரை ஒன்றில், இரண்டு முறை சுண்டினால் ஒரு தலையாவது விழுவதற்கான நிகழ்தகவு 3/4 அல்ல, 2/3 என்று வாதிட்டார். முதல் முறையே தலை விழுந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது, அதன் பிறகு இரண்டாவதைச் சுண்ட வேண்டியதில்லை, ஆகவே தலை, பூ-தலை, பூ-பூ என மூன்றே விளைவுகள் என்பது அவர் கணக்கு. அந்த மூன்றில் முதலாவது மற்ற இரண்டைவிட இரு மடங்கு வாய்ப்புடையது என்பதை அவர் ஏற்கவில்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளை செய்கிற பிழை அவ்வளவு பெரிய மனிதரும் செய்த பிழை என்று தெரிந்தால் வகுப்பில் கூச்சம் குறையும்.

திருத்துவதற்கு ஒரு ரூபாய் நாணயம் ஒன்றும் ஐந்து ரூபாய் நாணயம் ஒன்றும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரே மாதிரி நாணயங்கள் இரண்டைக் கொடுத்தால் 'ஒன்று தலை ஒன்று பூ' என்பதற்குள் இரண்டு வழிகள் இருப்பது கண்ணுக்குத் தெரியாது. பதிவு அட்டவணையில் நான்கு கட்டங்கள்: ரூபாய் தலை-ஐந்து தலை, ரூபாய் தலை-ஐந்து பூ, ரூபாய் பூ-ஐந்து தலை, ரூபாய் பூ-ஐந்து பூ. வகுப்பு மொத்தம் 400 என்றால் ஒவ்வொரு கட்டத்திலும் 100-ஐ ஒட்டிய எண் சேரும்; கலவை விளைவுகளின் கூடுதல் 200-ஐ ஒட்டி நிற்கும். அதன்பிறகே, விளைவுகளைக் கிளை கிளையாகப் பிரித்துக் காட்டும் மர வரைபடம். பதிவுக்கு முன்பே மர வரைபடத்தைப் போட்டால் மாணவர் அதை வரைவார்கள், ஆனால் நம்ப மாட்டார்கள்.

'நாணயங்கள் ஒரே மாதிரி இருந்தால் மூன்றுதானே சார்?' என்று ஒரு கூர்மையான மாணவர் கேட்கக்கூடும். நம் கண்ணுக்கு வேறுபாடு தெரிகிறதா இல்லையா என்பதால் நாணயங்கள் விழும் விதம் மாறுமா என்று திருப்பிக் கேட்டு, ஒரே மாதிரி நாணயங்களைக் கொண்டு அவரையே நூறு முறை போட்டுப் பார்த்துவரச் சொல்லலாம்.

தாயக்கட்டையில் பதினாறு

நான்காம் பாடவேளைக்குப் பகடைகள் இரண்டையும் 36 கட்ட அட்டவணையையும் பயன்படுத்துவது வழக்கம். தாயக்கட்டை கிடைத்தால் அதுவே மேல் என்பது என் கருத்து: அட்டவணை பதினாறு கட்டங்களில் முடிந்துவிடுகிறது, பல பிள்ளைகளுக்கு வீட்டில் ஆடிய பழக்கமும் இருக்கிறது. பித்தளைக் கட்டையின் நீளவாட்டில் நான்கு முகங்கள். மூன்றில் முறையே ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள், ஒரு முகம் வெறுமை. இரண்டு கட்டைகளையும் உருட்டிப் புள்ளிகளைக் கூட்ட வேண்டும். இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு. ஊருக்கு ஊர் ஆட்ட விதி மாறும். இந்தக் கணக்கு மாறாது. கட்டை கிடைக்காத குழுவுக்கு 0, 1, 2, 3 எழுதிய சீட்டுகளை இரண்டு டப்பாக்களில் போட்டு, ஒவ்வொன்றிலிருந்தும் ஒன்று எடுத்துத் திரும்பப் போடச் சொல்லலாம். உருட்டுவதைச் சூதாட்டமாகக் கருதும் பெற்றோர் உள்ள இடங்களிலும் சீட்டே பாதுகாப்பு.

1, 2, 3, 4, 5, 6, 12 என ஏழு விளைவுகள், எல்லாம் சமமா? ஊகம் எழுதிய பின், நால்வர் கொண்ட ஒவ்வொரு குழுவும் 48 முறை உருட்ட வேண்டும். 48 என்ற எண்ணை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் அது பதினாறின் மடங்கு என்பதே. பிறகு ஒப்பிடும்போது பின்னம் மிஞ்சாது. பத்துக் குழுக்கள் என்றால் 480 உருட்டல்கள். கரும்பலகையில் பட்டை விளக்கப்படமாக வரைந்தால் 3 உயர்ந்தும், அதற்கு இருபுறமும் சரிந்தும், 6-உம் 12-உம் குட்டையாகவும் நிற்கும். 'மூன்று ஏன் இவ்வளவு விழுகிறது?' என்று வகுப்பு தானாகவே கேட்கும். அந்தக் கேள்வி பிறந்த பிறகு நான்குக்கு நான்கு கட்டம் வரைய வேண்டும். மேலே முதல் கட்டையின் 0, 1, 2, 3. பக்கவாட்டில் இரண்டாவதன் 0, 1, 2, 3. பதினாறு கட்டங்களும் சம வாய்ப்புடையவை. 3 என்ற கூடுதல் நான்கு கட்டங்களில் வருகிறது. 2-உம் 4-உம் மும்மூன்று. 1-உம் 5-உம் இரண்டிரண்டு. 6-உம் 12-உம் ஒவ்வொன்று. 480 உருட்டலுக்கு 120, 90, 60, 30 என்று எதிர்பார்ப்பு. பதிவு அதைச் சுற்றி நிற்கும். கையால் செய்த பித்தளைக் கட்டைகள் முற்றிலும் சீரானவை அல்ல என்பதால் ஒரு குழுவின் கட்டை பிடிவாதமாக விலகி நின்றால் அதைக் குறித்து வைக்கலாம், அடுத்த பாடத்துக்கு ஆகும்.

இந்தக் கட்டத்தை வைத்துக்கொண்டுதான் 'நிகழ்ச்சி' என்ற சொல்லை அறிமுகப்படுத்த வேண்டும். தாயம், அதாவது 1, விழுவது ஒரு நிகழ்ச்சி. அதற்குரிய கட்டங்கள் இரண்டு. ஆகவே 2/16, அதாவது 1/8. தாயம் விழாமல் போவது நிரப்பு நிகழ்ச்சி, 14/16. பல ஊர்களில் 1, 5, 6, 12 விழுந்தால் மறுபடி போடலாம் என்பது விதி. மறுபடி போடும் வாய்ப்பு எவ்வளவு என்று கேட்டால், ஏழில் நான்கு என்று சொல்லும் மாணவர் இன்னும் விளைவுகளின் பெயரை எண்ணுகிறார், 6/16 என்று சொல்லும் மாணவர் கட்டங்களை எண்ணுகிறார். இந்த ஒரு கேள்வியைக் கொண்டே வகுப்பின் நிலையை அளந்துவிடலாம்.

1/8 என்றதும், 'அப்படியானால் எட்டு முறை போட்டால் ஒரு தாயம் கட்டாயம்' என்று நினைப்பதும் இயல்பு. எட்டு முறை போட்டும் ஒரு தாயம்கூட விழாமலிருப்பதற்கான நிகழ்தகவு 0.34-க்குச் சற்று மேல், ஏறத்தாழ மூன்றில் ஒன்று. இந்த எண்ணை வருவிக்கும் முறை எட்டாம் வகுப்புக்கு வேண்டியதில்லை. குழுக்களின் 48 உருட்டல்களையும் எட்டு எட்டாகப் பிரித்து, தாயமே இல்லாத தொகுதிகள் எத்தனை என்று பதிவிலிருந்தே எண்ணச் சொன்னால் போதும். இதற்காகவே பதிவை வெறும் எண்ணிக்கையாக இல்லாமல் விழுந்த வரிசையிலேயே எழுதச் சொல்ல வேண்டும்.

புளியங்கொட்டைக்குப் பட்டியல் உதவாது

ஐந்தாம் பாடவேளையில், பட்டியலிட்டு எண்ணும் வழி எங்கே நின்றுவிடுகிறது என்று காட்ட வேண்டும். புளியங்கொட்டையின் ஒரு பக்கத்தைச் சொரசொரப்பான கல்லில் வெள்ளை தெரியும் வரை தேய்த்தால் தாயம் ஆடுவதற்கு ஆகும். பல வீடுகளில் கட்டைக்குப் பதில் இதுதான். வெள்ளை, கறுப்பு என இரண்டு விளைவுகள். 1/2 என்று எழுதலாமா? கயிற்றுப் பாடத்தில் மூலையில் எழுதி வைத்த வாதத்தை இப்போது வெளியே எடுக்கலாம்.

ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு கொட்டை. 50 முறை எறிந்து வெள்ளை விழுந்த பங்கைக் கணக்கிட்டு, அடுத்த 50 முறையில் எத்தனை வெள்ளை விழும் என்று ஊகம் எழுதி, மறுபடி எறிய வேண்டும். ஊகத்திலிருந்து ஐந்தாறு விலகுவது இயல்பு. பத்துக்கு மேல் விலகினால் எறிந்த விதம் மாறியதா, கொட்டையை மாற்றிவிட்டார்களா என்று விசாரிக்கலாம். ஒரு குழுவின் பங்கு மற்றொரு குழுவின் பங்கோடு ஒத்துப்போக வேண்டிய அவசியமே இல்லை, ஏனெனில் ஒவ்வொரு கொட்டையின் வளைவும் தேய்ப்பும் வேறு. நாணயக் கணக்கை வகுப்பு முழுவதற்கும் கூட்டினோம், கொட்டைக் கணக்கைக் கூட்டக் கூடாது. ஏன் என்று மாணவர் ஒப்பீட்டுப் பகுதியில் எழுத வேண்டும். இப்படிச் செய்து பார்த்துக் கிடைத்த பங்குக்குப் பட்டறி நிகழ்தகவு என்ற பெயரை இந்தப் பாடவேளையின் கடைசி ஐந்து நிமிடத்தில் சொன்னால் போதும். வானிலை அறிவிப்பில் மழைக்கு 70 விழுக்காடு வாய்ப்பு என்று சொல்வதும் இந்த வகையைச் சேர்ந்தது. அப்படிச் சொல்லப்பட்ட நாள்களைத் திரட்டிப் பார்த்தால் பத்தில் ஏழு நாள் அளவுக்கு மழை பெய்திருக்க வேண்டும் என்பதே அதன் பொருள். ஒரு நாள் மழை பெய்யாததை வைத்து அறிவிப்பு பொய் என்று சொல்ல முடியாது.

மதிப்பீடு

ஆறாம் பாடவேளையில் தேர்வு வைக்கலாம். பகடையில் இரட்டை எண் விழும் நிகழ்தகவு என்ன என்பதுபோன்ற கேள்விகள் ஒன்றிரண்டு போதும். மீதிக் கேள்விகள், விடையை முன்பே கொடுத்துவிட்டுச் சரியா தவறா என்று காரணத்துடன் கேட்பவையாக இருக்கட்டும். 'ஒரு வட்டத் தட்டில் சிவப்பு, பச்சை, மஞ்சள் என மூன்று நிறங்கள் உள்ளன. சிவப்பு பாதித் தட்டை அடைத்துக்கொண்டிருக்கிறது. ஆகவே முள் சிவப்பில் நிற்கும் நிகழ்தகவு 1/3.' 'நாணயம் ஆறு முறை தொடர்ந்து தலை விழுந்தது. ஏழாம் முறை பூ விழும் வாய்ப்பே அதிகம்.' 'ஒரு கொட்டை 10 எறிதலில் 7 முறை வெள்ளை. மற்றொன்று 200 எறிதலில் 124 முறை வெள்ளை. எந்தக் கொட்டையைப் பற்றி உறுதியாகப் பேசலாம்?' இவை போன்ற கேள்விகளுக்கு மாதிரி விடையை மனப்பாடம் செய்து எழுத முடியாது.

மதிப்பெண் இடும்போது, பின்னத்துக்கு ஒன்று, 'இவை சம வாய்ப்புடையவை, ஏனெனில்' அல்லது 'இவை சம வாய்ப்புடையவை அல்ல, ஏனெனில்' என்று தொடங்கும் காரண வாக்கியத்துக்கு இரண்டு என்று பிரித்துக்கொள்ளலாம். பின்னம் சரியாக இருந்து காரணம் எழுதாத விடைத்தாளை ஒரு மதிப்பெண்ணோடு திருப்பிக் கொடுத்து, வாக்கியத்தைச் சேர்த்து எழுதிவந்தால் மீதி இரண்டையும் தரலாம். இரட்டை எண் கேள்விக்கும் இதே விதிதான். அங்கே எழுத வேண்டியது 'பகடையின் ஆறு முகங்களும் ஒரே அளவு' என்ற ஒரு வரி மட்டுமே.